பெல்ட் மாத்தச் சொன்னா பம்ப்பையும் ஏன் சேர்க்கிறாங்க?

வாசகர் கேள்வி, பட்டறை பதில்

போன இதழ்ல "டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு"ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒத்தை வரிக்கு இத்தனை கடிதம் வரும்னு எதிர்பார்க்கலை. கோவை கணபதியில இருக்கிற நம்ம பட்டறைக்கே நேர்ல வந்து சண்டை பிடிச்சவங்களும் உண்டு. அதனால இந்த முறை வேற எதையும் எடுக்கலை. பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மட்டும்தான். பேர் வேண்டாம்னு பல பேர் கேட்டிருந்தாங்க, எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கேன்.

*

கேள்வி: என்னுடையது 2014 மாடல் டஸ்டர் டீசல். தோப்புக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டுவதால் மீட்டரில் 62,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், டைமிங் பெல்ட்டை உடனே மாற்ற வேண்டும், கூடவே வாட்டர் பம்ப்பையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பம்ப்பில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. நல்ல பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு பில் ஏற்றும் வேலையா இது?
– பொள்ளாச்சி

பதில்: ஏனுங்க சார், சர்வீஸ்காரர் சொன்னாலே சந்தேகப்படணும்னு நானே இந்தப் பக்கத்துல எழுதினவன்தான். ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் சொல்றது நியாயம்.

உங்க வண்டியில இருக்கிறது ரெனோவோட 1461 சிசி டீசல் இன்ஜின். டஸ்டர்ல 85 குதிரை, 110 குதிரைன்னு ரெண்டு விதமா வந்தாலும் உள்ளே அதே இன்ஜின்தான். லாட்ஜி, டெரானோ, டீசல் சன்னி, டீசல் மைக்ரா, மஹிந்திரா வெரிட்டோ எல்லாத்துலயும் இதையே பார்க்கலாம். இதுல பிஸ்டன் சுத்திவிடுற கிராங்க் ஷாஃப்ட்தான் டைமிங் பெல்ட்டை இழுக்குது, அந்த பெல்ட் மூணு வேலை பார்க்குது. கேம் ஷாஃப்ட்டைச் சுத்தி வால்வைத் திறந்து மூடுது. டீசலை அழுத்தி அனுப்புற பம்ப்பைச் சுத்துது. போற வழியில, இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட்டை ஓட்டுற வாட்டர் பம்ப்பையும் சுத்துது. கடைசியில சொன்னதுதான் உங்க கேள்விக்குப் பதில். அந்த பம்ப்போட பேரிங் ஒரு நாள் இறுகிப் பிடிச்சா, பெல்ட்டோட பல்லு வரிசையா உரிஞ்சிடும். பெல்ட் நேத்துதான் போட்டது, ஒசத்தி கம்பெனின்னு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. புது பெல்ட்டோட ஆயுசைப் பழைய பேரிங்கை நம்பி விட்ட மாதிரி ஆயிடும்.

பம்ப் சீல் லேசாக் கசிஞ்சாலும் இதே கதைதான். கூலண்ட் வெளியே தரையில சொட்டறதுக்கு முன்னாடி உள்ளே பெல்ட் மேல படும். கவர் மூடியிருக்கு, உங்க கண்ணுக்கு எங்கே தெரியப்போகுது? "ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது"ன்னு சொன்னீங்களே, கவரைக் கழட்டாம அதை யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது.

அப்புறம் கூலி. பெல்ட்டைத் தொடணும்னா வலது முன் சக்கரம், உள் மட்கார்டு, வெளி பெல்ட், கிராங்க் புல்லி, இன்ஜினைத் தாங்குற மவுண்ட், ரெண்டு கவர், இத்தனையும் கழட்டணும். பம்ப்பைத் தொடணும்னாலும் அதே வரிசைதான், கூட நாலஞ்சு போல்ட். இப்போ பம்ப்பை விட்டுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு அது ஒழுகினா முழுக் கூலியை மறுபடியும் கொடுப்பீங்க. ஒருதடவை கூலண்ட் பட்ட பெல்ட்டைத் திரும்பப் போடவும் கூடாது, அதனால இன்னொரு பெல்ட்டும் வாங்கணும்.

வயசு விஷயத்துக்கு வர்றேன். அந்த பெல்ட், நைட்ரைல் வகை ரப்பருக்குள்ளே கண்ணாடி நாரால முறுக்கின கயிறை ஓட்டி, பல்லு மேல நைலான் துணி போர்த்திச் செஞ்சது. ஓடினாலும் ஓடாட்டியும் ரப்பர் பழசாகும். இன்ஜின் சூட்டுல வெந்து ஆறி, வெந்து ஆறி இறுகிப்போகும். தோப்புக்கும் வீட்டுக்குமா குட்டிக் குட்டியா ஓடுற வண்டிக்கு இந்தச் சூடும் ஆறலும் இன்னும் அதிகம். கைப்புத்தகத்துல கிலோமீட்டரும் வருஷமும் ரெண்டும் போட்டிருக்கும், எது முன்னாடி வருதோ அதுதான் கெடு. 2014-ல போட்ட பெல்ட் இன்னும் உள்ளே இருந்தா, மீட்டர் என்ன காட்டினாலும் உங்க கெடு எப்பவோ தாண்டிடுச்சு.

அறுந்தா என்ன ஆகும்னும் கேட்டுக்குங்க. டீசல் இன்ஜின் காத்தை 15-க்கு 1, 18-க்கு 1ன்னு அழுத்தியாகணும். அதனால மேலே வந்து நிக்கிற பிஸ்டனுக்கும் தலையில இருக்கிற வால்வுக்கும் நடுவுல இடம் கொஞ்சம்கூடத் தாராளமா இருக்காது. நீங்க 2000 ஆர்பிஎம்ல சும்மா நிதானமாப் போறப்பவே ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1000 தடவை அந்த இடத்துக்குள்ளே போய் வருது. பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், திறந்த வால்வு திறந்தபடியே நிக்கும், கீழேயிருந்து பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும். நேரம் சரியில்லேன்னா பிஸ்டன் தலையிலும் அடி விழும். வால்வு உக்காந்திருக்கிற அந்த ஹெட்டை இறக்கித்தான் ஆகணும், அந்த பில் இந்த பில்லைப் போலப் பல மடங்கு.

மாத்திடுங்க. பம்ப்போட சேர்த்து.

*

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. போலோ 1.5 டீசல் வைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட் வேலைக்கு எஸ்டிமேட் கேட்டதற்குப் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கூலண்ட், போல்ட் செட் என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். பழைய போல்ட்டையே திருப்பிப் போட்டால் என்ன? பெண் என்பதால் ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றுகிறது. எதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது?
– ஈரோடு

பதில்: டீச்சரம்மா, பட்டியல் சரியான பட்டியல்தான். ஆம்பளைங்க வந்தாலும் இதேதான் எழுதுவாங்க, அவங்க கேள்வி கேக்காம கையெழுத்துப் போடுவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

போல்ட்டை மட்டும் விளக்கிடறேன். சாதாரண போல்ட்டை இத்தனை நியூட்டன் மீட்டர்னு டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்கி நிறுத்திடுவோம். சில போல்ட்டை அப்படி இறுக்கின பிறகு இன்னும் இத்தனை டிகிரி திருப்புன்னு கம்பெனி சொல்லியிருக்கும். அந்தத் திருப்புல போல்ட் உள்ளுக்குள்ளே இழுபட்டு நீளும், அந்த இழுவையிலதான் பிடிமானமே இருக்கு. ஒருதடவை நீண்ட போல்ட்டை மறுபடி நீட்டினா பிடிக்காது, உடையவும் உடையலாம். உங்க போலோவுல இன்ஜின் மவுண்ட்டைக் கழட்டறப்ப இந்த ரக போல்ட் வரும். இன்ஜினோட பாரமே அது மேலதான் நிக்குது. அதுல போய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பெல்ட்டை விறைப்பா வெக்கிற டென்ஷனரும், அதை வழிநடத்துற உருளையான ஐட்லரும் பெல்ட்டோட சேர்ந்தே அத்தனை கிலோமீட்டரும் சுத்தினதுங்க. அதுக்குள்ளே ஒரு பேரிங், அதுல ஒரு முறை அடைச்ச கிரீஸ். மறுபடி அடைக்க வழி கிடையாது. தனித்தனியா வாங்கறதை விட ஒரே டப்பாவுல செட்டா வாங்கச் சொல்லுங்க. கேட்ஸ், கான்டிடெக், டேகோ, ஐஎன்ஏ, எஸ்கேஎஃப்னு நல்ல கம்பெனிங்க பம்ப்போட சேர்த்தே செட் போடறாங்க. டப்பா உங்க முன்னாடி பிரியட்டும். இந்தச் சாமானுக்குப் போலி நிறைய வருது, எழுத்து மங்கலா இருந்தாலோ பெல்ட் முதுகுல அச்சிட்ட நம்பர் டப்பா நம்பரோட ஒத்துப்போகாட்டியோ திருப்பிக் கொடுத்துடுங்க.

ரெண்டு கேள்வி கேளுங்க. "இந்த இன்ஜினுக்கு லாக்கிங் டூல் வெச்சிருக்கீங்களா?" கேமையும் கிராங்கையும் அசையாம பூட்டி வைக்கிற பின்னு, தகடு, அதுங்களைத்தான் சொல்றேன். "அதெல்லாம் வேண்டாம்மா, மார்க் பண்ணிப் போட்டுடுவோம்"னு பதில் வந்தா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. அடுத்தது, "பழைய சாமான் எல்லாத்தையும் டப்பாவுல போட்டு எனக்குத் தருவீங்களா?" தர்றேன்னு முகம் சுளிக்காமச் சொல்ற ஆளு நல்ல ஆளு.

*

கேள்வி: 2011 மாடல் இன்னோவா செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஓட்டம் 1,70,000. பெல்ட் மாற்றியாகிவிட்டது, மீட்டரில் விளக்கு எரியவில்லை பாருங்கள் என்றார் விற்றவர். பில் இல்லை. என் மெக்கானிக் பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். மாற்றவா?
– தாராபுரம்

பதில்: பெல்ட்டை மாத்துங்க. பம்ப்பை மாத்தாதீங்க.

இன்னோவா 2.5 டீசல்ல வாட்டர் பம்ப்பை ஓட்டறது வெளியே இருக்கிற பெல்ட். டைமிங் பெல்ட்டுக்கும் அதுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. பம்ப் ஒழுகினா அன்னைக்குப் பார்த்துக்கலாம். "பெல்ட்டுன்னா பம்ப்பும்"ங்கிறது டைமிங் பெல்ட் சுத்துற பம்ப்புக்கு மட்டும் உள்ள சட்டம், அதை எல்லா வண்டிக்கும் ஓட்டறது வியாபாரம். ஹூண்டாயோட பழைய சான்ட்ரோவுக்கும் இதே கதைதான், பம்ப் வெளி பெல்ட்டுல ஓடுது. பழைய ஹோண்டா சிட்டி (1998-லேருந்து 2003 வரைக்கும் வந்தது), பாலியோ, ஃபிகோ டீசல், எஸ்-க்ராஸ் 1.6 டீசல், இதுங்கள்ல பம்ப் டைமிங் பெல்ட்டுல ஓடுது, சேர்த்து மாத்தணும்.

மீட்டர்ல வர்ற அந்த 'டி-பெல்ட்' விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரியறது இல்லைங்க. குறிச்ச கிலோமீட்டர் வந்ததும் எரியும், அம்புட்டுதான். மீட்டர் பட்டனை வெச்சே அதை அணைச்சுடலாம், பெல்ட்டைத் தொடவே வேண்டாம். விக்கறதுக்கு முன்னாடி நாள் அணைச்ச விளக்கும், பெல்ட் மாத்தி அணைச்ச விளக்கும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பில்லும் இல்லை, பானெட்டுக்குள்ளே தேதி எழுதின ஸ்டிக்கரும் இல்லேன்னா, மாத்தலைன்னே வெச்சுக்குங்க.

*

கேள்வி: ஐயா, இரும்புச் செயின் இருக்கும்போது இன்ஜினுக்குள் எதற்கு ரப்பர் பெல்ட்டை வைத்தார்கள்? காசு பார்க்கவா?
– மதுரை

பதில்: காசும் ஒரு காரணம். ஆனா வாங்குறவனுக்கும் அதுல லாபம் இருந்துச்சு. 1962-ல ஜெர்மனியில கிளாஸ்னு ஒரு கம்பெனி தன்னோட 1004 காருக்கு முதல்ல பல் பெல்ட் வெச்சுது. 1966-ல ஃபியட் 124 ஸ்போர்ட்டுக்கு லாம்ப்ரெடிங்கிற இன்ஜினியர் வடிச்ச இரட்டை கேம் இன்ஜின்லயும் பெல்ட்தான். செயின் மாதிரி சலசலன்னு சத்தம் போடாது, எண்ணெய் குடிக்காது, எடையும் குறைவு. கேமை ஹெட்டுக்கு மேல கொண்டுபோய் வைக்கிறதுக்கு இது சுலபமான வழியா இருந்துச்சு. மேல கேம் வெச்ச சின்ன கார் நம்ம கைக்கு எட்டுற விலைக்கு வந்ததுல அந்த பெல்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மாருதி 800-லயே பெல்ட்தானே ஓடுச்சு!

செயின்னா சாகாதுன்னு நினைச்சுக்காதீங்க. ஆயிலை நேரத்துக்கு மாத்தாத வண்டியில செயினும் நீண்டுடும், அதோட டென்ஷனரும் தளரும். ஒரே வித்தியாசம், செயின் கத்திக்கிட்டே சாகும், பெல்ட் சத்தமில்லாமப் போயிடும்.

*

கேள்வி: ஸ்விஃப்ட் டீசலுக்கு டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்?
– திண்டுக்கல்

பதில்: அதுல செயின் தம்பி. யாராவது பெல்ட் மாத்தினேன்னு பில் போட்டா ஃபேன் பெல்ட்டான்னு கேளுங்க.

*

கேள்வி: ஃபிகோ டீசல் வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்குள் இரண்டு வாட்டர் பம்ப் போய்விட்டது. இரண்டும் நல்ல கம்பெனி. மெக்கானிக் மாற்றி மாற்றிக் கம்பெனியைக் குறை சொல்கிறார். இன்ஜின் எப்போதும் சூடு ஏறியதில்லை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் நானே வீட்டிலிருந்து ஊற்றிவிடுவேன்.
– கரூர்

பதில்: கடைசி வாக்கியத்துல நீங்களே விடையை எழுதிட்டீங்க அண்ணா. வீட்டுத் தண்ணி, அதுவும் கரூர் போர் தண்ணி. டீ போட்டா பாத்திரத்துல வெள்ளையா படியுமே, அந்தப் படிவுதான் பம்ப்பைத் தின்னது.

வாட்டர் பம்ப்புக்குள்ளே சுத்துற ஷாஃப்ட் ஒரு பக்கம் கூலண்ட்ல முங்கியிருக்கு, இன்னொரு பக்கம் பேரிங். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சீல். ரப்பர் வளையம்னு நினைக்காதீங்க, கரித்தட்டு ஒண்ணும் பீங்கான் மாதிரி தட்டு ஒண்ணும் முகத்தோட முகம் உரசி ஓடுற சீல் அது. அந்த ரெண்டு முகத்துக்கு நடுவுல கூலண்ட் மெல்லிசா ஒரு படலமா நின்னு வழுவழுப்புக் கொடுக்குது. உப்புத் தண்ணியை ஊத்தினா அந்த இடத்துல சுண்ணாம்பு படிஞ்சு உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி தேய்க்கும். முகம் கீறல் விழுந்தா கசிவு ஆரம்பம். கசிஞ்சது பேரிங்குக்குப் போகாம வெளியேற பம்ப் உடம்புல சின்ன ஓட்டை ஒண்ணு வெச்சிருப்பாங்க. கழட்டின பம்ப் இன்னும் கையில இருந்தா அந்த ஓட்டைக்குக் கீழே பாருங்க, வெள்ளையாவோ பச்சையாவோ உப்புக்கோடு ஓடியிருக்கும். புதுப் பம்ப்ல ஆரம்பத்துல லேசா ஒரு ஈரம் தெரியறது சகஜம். கோடு கோடா காய்ஞ்சு படியறது சகஜம் இல்லை.

கூலண்ட்டை வெறும் குளிர்ச்சிக்குன்னு நினைக்கிறாங்க. ஊட்டியில பனிக்கு உறையாம இருக்கத்தான் அது, நமக்கு எதுக்குன்னு கேட்டவங்களும் உண்டு. அதுல துருப்பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கு, நமக்கு அதுதான் முக்கியம். அலுமினியம் ஹெட்டையும் பம்ப் இலையையும் அதுதான் காப்பாத்துது. கொதிநிலையும் ஏறும். பச்சைத் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் அதை விட ஆறேழு டிகிரி தாண்டித்தான் கொதிக்கும், ரேடியேட்டர் மூடி கொடுக்கிற அழுத்தத்துல இன்னும் மேலே போகும்.

செய்ய வேண்டியது: முதல்ல சிஸ்டத்தை நல்லா கழுவுங்க, அழுக்குத் தண்ணி வர்றது நிக்கிற வரைக்கும். பிறகு கைப்புத்தகத்துல சொன்ன ரகக் கூலண்ட்டை, டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி. பேட்டரிக்கு ஊத்த விப்பாங்களே, அந்தத் தண்ணி போதும். தண்ணி கலந்தே விக்கிற கூலண்ட்டுன்னா மேலே கலக்க வேண்டாம். கலரைப் பார்த்து ரகம் முடிவு பண்ணாதீங்க. பச்சைன்னா எல்லாப் பச்சையும் ஒண்ணு இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறும். ரெண்டு ரகத்தைக் கலந்தா சிலது கூழ் மாதிரி திரண்டு ரேடியேட்டர் குழாயை அடைச்சுடும்.

எங்க ஊர்க்காரங்க "சிறுவாணித் தண்ணி சுத்தம், அதை ஊத்தலாம்தானே?"ன்னு கேப்பாங்க. குடிக்கிறதுக்கு அதுக்கு ஈடே கிடையாது. ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம், துருவைத் தடுக்கிற மருந்து சிறுவாணியிலயும் கிடையாது.

இன்னொண்ணு. மூடின சிஸ்டத்துல தண்ணி குறையவே கூடாது. குறைஞ்சா ஒழுகுதுன்னு அர்த்தம். உங்க ஃபிகோவுல பம்ப் டைமிங் பெல்ட்டுல ஓடுதுங்கிறதை மறந்துடாதீங்க. ரெண்டு தடவை பம்ப் ஒழுகினப்பவும் பெல்ட்டை மாத்தினாங்களான்னு பில்லை எடுத்துப் பாருங்க. மாத்தலேன்னா இந்த வாரமே மாத்துங்க.

*

கேள்வி: அண்ணா, நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவன். எங்கள் மாமாவின் பழைய பாலியோ 1.2 பெட்ரோல் வண்டியில் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். பெல்ட்டிலும் புல்லியிலும் ஒயிட்னரால் மார்க் போட்டுவிட்டு அதே இடத்தில் புது பெல்ட்டை மாட்டினால் போதும் என்கிறான் நண்பன். சரியா?
– பீளமேடு

பதில்: கண்ணு, ஆசை நல்ல ஆசை. ஒயிட்னர் வைக்கிறதுல தப்பில்லை, அதை மட்டும் நம்பறதுதான் தப்பு. பழைய பெல்ட் போட்டவன் ஒரு பல்லு தள்ளிப் போட்டிருந்தா அந்தத் தப்பையும் நீ அப்படியே நகலெடுப்பே. அதுவும் இல்லாம பெல்ட்டை உருவின உடனே வால்வு ஸ்ப்ரிங் தள்ளி கேம் தானா சட்டுனு நகரும். அப்போ மார்க் எங்கே நிக்குதுன்னு பார்த்து அழாதே.

பாலியோவுல கம்பெனியே குறி வெச்சிருக்கு: கேம் புல்லியிலயும் ஹெட்லயும் ஒண்ணு, கிராங்க் பக்கம் ஒண்ணு. அதைத் தேடிக் கண்டுபிடிச்ச பிறகு ஸ்பானரை எடு. 16 வால்வு இன்ஜினா இருந்தா கேமைப் பூட்டத் தனி டூல் வேணும், அது இல்லாம ஆரம்பிக்காதே.

இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். பேட்டரி ஒயரைக் கழட்டு. வலது முன் சக்கரத்தை எடு. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு வை, இது உயிர் விஷயம். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிடு, கையால சுத்த லேசா இருக்கும். கூலண்ட்டை வடி. வெளி பெல்ட்டை எடு. ஆயில் சம்புக்குக் கீழே மரக்கட்டை வெச்சு இன்னொரு ஜாக்கியால இன்ஜினைத் தாங்கின பிறகு மவுண்ட்டை எடு. கிராங்க் போல்ட்ல ஸ்பானர் போட்டு இன்ஜின் ஓடுற திசையிலேயே சுத்தி முதல் சிலிண்டரை மேல்முட்டுக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்துக்குக் கொண்டு வா. எந்தத் திசைன்னு புத்தகத்தைப் பார். பெரும்பாலானது கடிகாரச் சுத்து, பழைய ஹோண்டா இடஞ்சுத்து. குறி ரெண்டும் நேரா நின்னா டென்ஷனரைத் தளர்த்து, பெல்ட்டை உருவு. இதுக்கப்புறம் புதுப் பெல்ட் ஏர்ற வரைக்கும் கேமையும் கிராங்கையும் விரலால கூடத் தொடாதே.

பெல்ட் இருந்த இடத்துல எண்ணெய் ஈரம் தெரியுதா பாரு. தெரிஞ்சா கேம் சீல், கிராங்க் சீல் ரெண்டும் மாத்திடு. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போகும்.

பம்ப்பைக் கழட்டின இடத்துல பழைய பசையைச் சுரண்டறதுக்குத்தான் பசங்க அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவர் எடுக்கிறது. அது அலுமினியம். ஒரு கீறல் போதும், நாளைக்கு அங்கேதான் ஒழுகும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரோ மூங்கில் குச்சியோ வெச்சுச் சுரண்டு, பொறுமையா. பம்ப்போட ரப்பர் வளையம் வந்தா பசை போடாதே. கேஸ்கெட் வந்தா கேஸ்கெட் மட்டும். பசைதான்னு கம்பெனி சொன்னா மெல்லிசா ஒரே கோடு. உள்ளே பிதுங்கின பசை உடைஞ்சு ஓடி ரேடியேட்டர்ல போய் உக்காந்துக்கும். பம்ப்பைப் பிடிக்கிற சின்ன போல்ட்டுங்களுக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இறுக்கம், சரியான எண்ணைப் புத்தகத்துல பார்த்து எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு. கைபலத்தைக் காட்டினா மரை உரிஞ்சு வரும்.

புதுப் பெல்ட்டை மடிக்காதே, திருகாதே, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி புரட்டாதே. கண்ணாடி நார் உள்ளே ஒடியும், வெளியே ஒண்ணும் தெரியாது. அம்புக்குறி இருந்தா ஓடுற திசைக்கு. கிராங்க்ல ஆரம்பிச்சு, டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பா இழுத்துக்கிட்டே போய், டென்ஷனர் பக்கத்தைக் கடைசியா ஏத்து. ஏறலைன்னா நெம்பாதே, ஏன் ஏறலைன்னு யோசி.

இனி முக்கியமான இடம். டென்ஷனரை வெச்ச பிறகு, கையாலயே கிராங்க்கை ரெண்டு முழுச் சுத்துச் சுத்து. ஏன் ரெண்டு? கிராங்க் ரெண்டு சுத்துனாத்தான் கேம் ஒரு சுத்து. அப்போதான் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடியிருக்கும். நடுவுல கடக்குனு இரும்பு முட்டி நின்னா, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கிற வேலையே வேண்டாம். வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கலாம். திரும்பக் கழட்டு. ரெண்டு சுத்து முடிச்சு குறி மறுபடி நேரா வந்து நின்னா, டென்ஷனைத் திரும்பச் சரிபார்த்துட்டு மூடு. செல்ஃப் அடிக்கிற ஆசையை அதுவரைக்கும் அடக்கிக்கோ. ஒரு பல்லு தள்ளியிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆயிடும், அங்கேதான் ஏமாறுவாங்க. இழுவை இருக்காது, ஐட்லிங் ஆடும், புதுசான வண்டிங்கள்ல ஸ்கேனர்ல பி0016ன்னு எர்ரர் கோட் வரும்.

மாமாகிட்ட வண்டியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, தேதியையும் கிலோமீட்டரையும் ஸ்டிக்கர்ல எழுதி டைமிங் கவர் மேல ஒட்டு.

*

கேள்வி: வெளியில் ஒரு பட்டறையில் பெல்ட், பம்ப் மாற்றிய மறுநாளே டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. ஹீட்டர் போட்டால் சூடு வரவில்லை. புது பம்ப் கோளாறா?
– திருப்பூர்

பதில்: பெரும்பாலும் காத்து. கூலண்ட் ஊத்தினப்ப உள்ளே காத்து மாட்டிக்கிச்சு. இன்ஜின் கொதிக்கிறப்ப ஹீட்டர்ல குளிர்காத்து வர்றதே அதுக்கு அடையாளம், சுடுதண்ணி ஹீட்டர் வரைக்கும் போய்ச் சேரலை. இன்ஜின் ஆறின பிறகு, காத்துப் போக்கற ஸ்க்ரூ இருக்கிற வண்டியில அதைத் திறந்து குமிழி இல்லாம ஒழுங்கா ஒழுகுற வரை கூலண்ட் ஊத்தணும். ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு, ஃபேன் ஒருதடவை ஓடி நிக்கிற வரைக்கும் ஐட்லிங்ல விடணும். ஆறவிட்டு மட்டம் பார்க்கணும். சூட்டுல மூடியைத் திறந்துடாதீங்க, முகம் வெந்துடும்.

இத்தனைக்கும் மேல முள் ஏறினா, சூட்டுக்கேத்த மாதிரி கூலண்ட் வழியைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட்டைப் பாருங்க. அப்புறம்தான் பம்ப். ஓட்டி ஓட்டிச் சோதிக்காதீங்க, ஹெட் கேஸ்கெட் போயிடும்.

*

கேள்வி: வெரிட்டோ டீசல். தொப்பூர் கணவாய் தாண்டும்போது திடீரென்று இன்ஜின் அணைந்துவிட்டது. செல்ஃப் அடித்தால் வழக்கத்தை விட வேகமாக, லேசாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. லாரி டிரைவர்கள் தள்ளி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றார்கள். நான் பயந்து கட்டி இழுத்து வந்துவிட்டேன். இப்போது ஒரு பட்டறையில் புது பெல்ட் போட்டுப் பார்த்துவிட்டு ஹெட்டைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார்கள்.
– சேலம்

பதில்: தள்ளாம விட்டதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. வேகமா லேசா சுத்துதுன்னா அமுக்கம் இல்லைன்னு அர்த்தம். பெல்ட் அறுந்த வண்டியோட குரல் அது. கியர்ல போட்டுத் தள்ளியிருந்தா வளையாத வால்வையும் வளைச்சிருப்பாங்க. இனிமே செல்ஃபும் அடிக்காதீங்க.

இந்த இன்ஜின்ல வெறும் பெல்ட்டைப் போட்டுப் பார்க்கிறது வீண் செலவு. பெல்ட்டைப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சிலிண்டரா காத்து ஏத்திக் கசிவு பார்க்கச் சொல்லுங்க, வளைஞ்ச வால்வு புஸ்ஸுன்னு காட்டிக்கொடுத்துடும். ஹெட் இறங்கினா பிஸ்டன் தலையில வடு இருக்கான்னு நீங்களே போய்ப் பாருங்க. அப்படியே அறுந்த பெல்ட்டையும் கேட்டு வாங்குங்க. நடுவுல பட்டுனு அறுந்திருக்கா, இல்லை ஒரே இடத்துல பல்லு உரிஞ்சிருக்கான்னு பார்க்கணும். பல்லு உரிஞ்சிருந்தா பம்ப்பையோ டீசல் பம்ப்பையோ ஐட்லரையோ கையால சுத்திப் பார்த்தா எது இறுகியிருக்குன்னு தெரியும். அதைக் கண்டுபிடிக்காம புதுப் பெல்ட் போட்டா அதையும் அது உரிச்சுடும்.

*

கேள்வி: 2018 எக்கோஸ்போர்ட் பெட்ரோலில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள் ஓடுகிறதாமே? உண்மையா?
– சென்னை, குரோம்பேட்டை

பதில்: உண்மைதான். அந்த 1.5 லிட்டர் மூணு சிலிண்டர் இன்ஜின்லயும், 1.0 எக்கோபூஸ்ட்லயும் பெல்ட் எண்ணெய்க்குள்ளே ஓடறதுக்குன்னே செஞ்ச தனி ரகம். அதுக்கும் வாட்டர் பம்ப்புக்கும் சம்பந்தமில்லை. அதுல ஆபத்து வேற: தப்பான கிரேடு ஆயிலை ஊத்தினாலோ ஆயில் மாத்தத் தள்ளிப்போட்டாலோ பெல்ட் துகளா உதிர்ந்து, ஆயில் உறிஞ்சுற சல்லடையை அடைக்கும். ஆயில் விளக்கு ஒரு நொடி மின்னினாலும் வண்டியை நிறுத்திடுங்க. ஆயில் விஷயத்துல கைப்புத்தகத்துல போட்டிருக்கிற எண், எழுத்து மாறக்கூடாது.

இதே மாதிரி விதிவிலக்கு ஒண்ணு, ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் வண்டிங்கள்ல வர்ற 1.0 டிஎஸ்ஐ பெட்ரோல் இன்ஜின். அதுல வாட்டர் பம்ப்புக்குன்னே குட்டியா ஒரு தனிப் பல் பெல்ட், கியர்பாக்ஸ் பக்கம், கேம்லேருந்து ஓடுது. டைமிங் பெல்ட் இந்தக் கோடி, பம்ப் பெல்ட் அந்தக் கோடி.

*

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச் கீச் என்று குருவி மாதிரி சத்தம். டைமிங் பெல்ட் போகப்போகிறதா?
– கூடலூர்

பதில்: ஈரத்துல கீச்சிடறது வெளி பெல்ட். அதை மாத்துங்க, மலிவுதான். பெல்ட் மேல ஸ்ப்ரே அடிக்கச் சொல்வாங்க, அடிக்காதீங்க. சத்தம் கீச்சு இல்லாம "ங்ங்ங்"னு வேகத்தோட ஏறி இறங்குதுன்னா அது ஏதோ ஒரு பேரிங், அப்போ கவரைத் திறந்து பார்க்கணும்.

*

கேள்வி: புது டைமிங் பெல்ட் போட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் கழித்து மறுபடி டைட் செய்ய வேண்டும்? எங்கள் டிரைவர் 1000 கிலோமீட்டரில் ஒருமுறை செய்ய வேண்டும் என்கிறார்.
– நாமக்கல்

பதில்: அது பழைய லாரி ஃபேன் பெல்ட் பழக்கம். இப்போ வர்ற காருங்கள்ல தேவையில்லை, டென்ஷனர் பார்த்துக்கும். 1000 கிலோமீட்டர்ல பானெட்டைத் திறக்கறதுன்னா கூலண்ட் மட்டத்தைப் பாருங்க, பம்ப் பக்கம் ஈரம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. டைமிங் கவரைத் தொட வேண்டாம்.